டெலக்ஸ் அக்கா அனுப்பிய ஒன்பது பாகங்கள்

எங்கள் மருத்துவமனையில் டெலக்ஸ் இயந்திரம் இருந்ததே இல்லை. ஆனாலும் அவருக்கு டெலக்ஸ் அக்கா என்றுதான் பெயர். முன்பு ஒரு கப்பல் கம்பெனியில் பதினோரு வருஷம், கம்பி வழியே செய்தி அனுப்பும் டெலக்ஸ் இயந்திரத்தில் அடித்தவர். கம்பெனியை மூடியதும் எங்கள் தபால் பிரிவுக்கு வந்து சேர்ந்தார். வந்த முதல் வாரமே, கண்காணிப்பாளர் எழுதிக் கொடுத்த ஒன்றரைப் பக்கக் கடிதத்தை ஏழு வரியாக்கி, "இதுல எது சார் விட்டுப்போச்சு?" என்று கேட்டார். எதுவும் விட்டுப்போகவில்லை. கண்காணிப்பாளருக்கு முகம் சுண்டிப்போனது. அன்றைக்கு ஒட்டிய பெயர்.

ஒரு வார்த்தை கூடுதலாக இருந்தால் அவருக்குக் கை அரிக்கும். வரியின் கடைசியில் ஒரு வெற்றிடம் சும்மா நின்றால்கூட அழித்துவிடுவார்.

"அங்க ஒண்ணுமே இல்லையே அக்கா" என்பேன்.

"உங்க கண்ணுக்குத்தான் இல்ல. கம்பியில அதுவும் ஒரு எழுத்து மாதிரிதான் போகும். அது போற நேரத்துல உருப்படியா ஒண்ணு போயிருக்கும்."

போன வாரம் அவர் ஓய்வு பெற்றார். அவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதிக் கொடுங்கள் என்று பிரிவு உபசார மலர் போட்டவர்கள் கேட்டார்கள். எழுதிக் கொடுத்தேன், அச்சிலும் வந்துவிட்டது. கடமை தவறாதவர், வேலையில் சுத்தமானவர், இன்ன பிற. அதில் நான் எழுதாமல் விட்டது இது.

நான் கம்ப்யூட்டர் பிரிவு. அப்போது எங்களுக்கு மின்னஞ்சல் போனது டெலிபோன் கம்பியில். அதில் எழுத்து மட்டும்தான் போகும். படத்தைக் கொடுத்தால் வழியில் சிதைத்துக் குப்பையாக்கிவிடும். அதற்காக ஒரு நிரல் வைத்திருந்தோம். ஸ்கேன் படத்தை அதற்குள் கொடுத்தால் பக்கம் பக்கமாக எழுத்தும் எண்ணும் குறியுமாக மாற்றித் தரும். படித்தால் ஒரு மண்ணும் புரியாது. அதைக் கடிதமாக அனுப்பினால், அந்தப் பக்கம் இருப்பவர் அதே நிரலைத் திருப்பி ஓட்டிப் படத்தை எடுத்துக்கொள்வார். மொத்தமாக அனுப்பினால் இணைப்பு தாங்காது என்பதால் பாகம் பாகமாக வெட்டி அனுப்புவோம். ரயிலில் போனால் இரண்டு நாள் ஆகும் தூரத்தில் ஒரு பெரிய நரம்பு நிபுணர் இருந்தார். எங்கள் நோயாளிகளின் மண்டைகள் எல்லாம் இப்படி எழுத்தாகித்தான் அவரிடம் போயின.

இந்த வேலையை அக்கா தலையில் கட்டியது நான்தான். அரை மணி நேரம் சொல்லிக் கொடுத்தேன். இந்தக் கட்டளையை அடியுங்கள், இத்தனை வரிக்கு ஒரு வெட்டு, முகவரி இது. ஒன்றை மட்டும் சொல்லவில்லை. அந்த எழுத்துக் குவியலில் வெற்றிடமும் ஓர் எழுத்துதான். படத்தில் கறுப்பாக இருக்கும் இடமெல்லாம் வெற்றிடமாக வரும். அதில் கை வைத்தால் படம் போச்சு. இது எனக்கு நன்றாகத் தெரியும். அன்றைக்கு எனக்கு ஏதோ அவசரம். என்ன அவசரம் என்று எத்தனையோ முறை யோசித்துப் பார்த்துவிட்டேன், நினைவுக்கு வரவில்லை.

மூன்று வருஷம் ஒரு பிசகும் இல்லை. இருநூறு படங்களுக்கு மேல் போயிருக்கும். அக்கா வந்ததை அப்படியே வெட்டி, அப்படியே அனுப்பினார். யாரோ ஒருவருடைய மண்டை. அதைத் திறந்து பார்க்க அவருக்கு நேரமும் இல்லை, ஆசையும் இல்லை. இன்று போகாவிட்டால் நாளை போகட்டும் என்று விட்டுவிடுவார்.

பிறகு அவர் வீட்டுக்காரரின் படம் வந்தது.

அவர் பேருந்து ஓட்டுநர். ஒருநாள் பணிமனைக்குள் வண்டியைத் திருப்பும்போது வலப்பக்கத் தூண் கண்ணில் படவே இல்லை என்று போய் இடித்துவிட்டார். ஸ்கேன் எடுத்ததில், கண்ணுக்குப் பின்னால் ஒரு கட்டி நரம்பை அழுத்திக்கொண்டிருந்தது. எங்கள் அறுவை டாக்டர் அக்காவை உட்கார வைத்துச் சொன்னார்.

"சீக்கிரம் எடுத்தா பார்வை நிக்கும்மா. ஆனா எந்தப் பக்கமா உள்ள போறதுன்னு பெரியவர் சொல்லணும். அவர் சொல்லாம நான் கத்தி வைக்க மாட்டேன்."

பெரியவர் என்பது அந்த நிபுணர். அவர் வெள்ளிக்கிழமை மதியம் வெளிநாடு கிளம்புகிறார். திரும்ப ஆறு வாரம். டாக்டர் இதைச் சொன்னது வியாழக்கிழமை காலை.

அன்றைக்கென்று பார்த்து இணைப்பு படுத்தியது. படம் பதினாலு பாகம். ஒரு பாகம் பாதி போகும், அறுந்துவிடும், மறுபடி முதலிலிருந்து. மதியத்துக்குள் ஒன்றுகூட உருப்படியாகப் போகவில்லை. அக்கா பழைய டெலக்ஸ்காரர். கம்பி மோசமாக இருந்தால் செய்தியைக் குறுக்க வேண்டும், அவ்வளவுதான். மூன்று வருஷத்தில் முதல் முறையாக அந்தக் கோப்பைத் திறந்து பார்த்தார்.

உள்ளே வரிக்கு வரி 'எம்' என்ற ஆங்கில எழுத்து முதலில் நின்றது. பல பக்கங்களில் அந்த ஒற்றை எழுத்துக்குப் பிறகு வரி முழுக்க ஒன்றுமே இல்லை. மண்டை ஓட்டைச் சுற்றி இருக்கும் கறுப்பு அது. அக்காவுக்கு அது எப்படித் தெரியும்? இயந்திரம் சிக்கிக்கொண்டு வெறும் வரியாகத் துப்பியிருக்கிறது என்று நினைத்தார். மதியச் சாப்பாட்டுக்குப் போகாமல் உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமாகத் துடைத்தார். வரிக் கடைசியில் நின்ற வெற்றிடங்களை எடுத்தார். தனியாக நின்ற எழுத்துகளை வரியோடு தூக்கினார். நடுவில் இருந்த ஒரு எழுத்தைக்கூடத் தவறவிடவில்லை. பின்னால் நானே சரிபார்த்தேன். அவ்வளவு கவனம்.

மூன்று மணிக்கு என் அறைக்கு வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"பதினாலை ஒம்பதாக்கிட்டேன் சார். சாயங்காலத்துக்குள்ள போயிடும்."

நான் ஒரு மானிட்டரின் பின்பக்கத்தைக் கழற்றி வைத்துக்கொண்டு அதற்குள் கையை விட்டிருந்தேன்.

"நல்லது அக்கா" என்றேன். எப்படி ஒன்பதாயிற்று என்று கேட்கவில்லை. தலையைக்கூடத் தூக்கவில்லை.

ஐந்தரைக்கு ஒன்பதும் போய்ச் சேர்ந்தன. தபால் பிரிவில் எல்லோருக்கும் அக்கா பிஸ்கட் கொடுத்தார். நானும் இரண்டு எடுத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை காலை பத்தே முக்காலுக்கு நிபுணரின் உதவியாளரிடமிருந்து பதில் வந்தது. படம் திறக்கவில்லை, உடனே திரும்ப அனுப்பவும். அக்கா வார்டில் கணவரோடு இருந்தார். பதிலைப் பார்த்தது நான். மூலக் கோப்பையும் அவர் அனுப்பியதையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, புரிந்துவிட்டது. பதினாலு பாகத்தையும் முதலிலிருந்து அனுப்ப ஆரம்பித்தேன். மூன்று போவதற்குள் இன்னொரு வரி வந்தது. ஐயா கிளம்பிவிட்டார்.

நாலாவது வாரம் டிரைவருக்கு வலக்கண் போயிற்று. ஆறாவது வாரத்துக்குள் இடக்கண்ணும் போயிற்று. நிபுணர் திரும்பி வந்து படத்தைப் பார்த்து இரண்டு வரி எழுதினார். இனி அறுவை செய்தால் உயிர் தங்கும், பார்வை தங்காது. செய்தார்கள். உயிர் தங்கியது.

கண்காணிப்பாளர் என்னிடம் அறிக்கை கேட்டார். தொலைபேசி இணைப்பில் கோளாறு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அக்காவிடமும் அதையே சொன்னேன். அக்காவின் மனசுக்காகத்தான் அப்படி எழுதினேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதில் கால்வாசி உண்மை. மீதி முக்கால்வாசி, அவருக்குச் சொல்லிக் கொடுத்தது யார் என்ற கேள்வி வந்துவிடக் கூடாது என்ற பயம்.

அதன்பின் ஐந்து வருஷம். அக்கா ஒருநாள்கூட அதிகமாக விடுப்பு எடுக்கவில்லை. காலையில் கணவருக்குச் சட்டை மாட்டிவிட்டு, மதியச் சாப்பாட்டை மேஜையில் எந்தத் தட்டில் எது என்று அவர் கையைப் பிடித்துத் தொட்டுக் காட்டிவிட்டு வேலைக்கு வருவார். மாலையில் போனால் வீட்டில் எல்லா விளக்கும் எரிந்துகொண்டிருக்குமாம். யாராவது வந்தால் வீடு இருட்டாக இருக்கக் கூடாது என்று பகலிலேயே போட்டுவிடுவாராம் டிரைவர். அக்கா இதை என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

தபால் பிரிவுக்குப் புதிதாக ஒரு பெண் வந்தாள். அக்காதான் அவளுக்கு எல்லாம் கற்றுக் கொடுத்தார். வெற்றிடத்தை அழிப்பதையும் சேர்த்துத்தான். அப்போதும் அதே நிரல்தான், எங்கள் மருத்துவமனை எதையும் லேசில் மாற்றாது. அந்தப் பெண் ஒருநாள் ஒரு கால் எக்ஸ்ரேயை அப்படியே துடைத்து அனுப்பிவிட்டாள். என் பிரிவில் சேர்ந்திருந்த டெக்னீஷியன் நேரே தபால் பிரிவுக்குப் போய்ச் சத்தம் போட்டான்.

"யாருங்க இதுல ஸ்பேஸை எல்லாம் அழிச்சது? அதுல கை வெச்சா படமே போயிடும். இதுகூடவா தெரியாது?"

கால் எக்ஸ்ரே பத்து நிமிஷத்தில் திரும்பப் போய்விட்டது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

அக்கா நாலரை மணிக்கு என் அறைக்கு வந்தார். கதவைச் சாத்திவிட்டு நின்றுகொண்டே பேசினார்.

"அவரோட படத்துல நான் அதைத்தானே சார் பண்ணேன்?"

நான் பேனாவை மூடி வைத்தேன். அதுவே பதில் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. நின்ற இடத்திலிருந்தே கேட்டார்.

"முதல் நாள் சொல்லிக் கொடுத்தீங்களே, அப்போ அந்த இடைவெளியைத் தொடாதீங்கன்னு சொன்னீங்களா? எனக்கு ஞாபகம் வரல. எவ்வளவு யோசிச்சும் வரல."

குற்றம் சாட்டவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். இல்லை அக்கா, நான் சொல்லவில்லை, தப்பு என்னுடையது என்றிருந்தால், அவர் என்னை ஆயுசுக்கும் வெறுத்திருப்பார். அந்த வெறுப்பு அவருக்குப் பிடித்துக்கொள்ள ஒரு கொம்பாக இருந்திருக்கும். அந்த மாதம்தான் என்னைப் பிரிவுத் தலைவராக்கியிருந்தார்கள்.

"சொன்னேனே அக்கா" என்றேன். "முதல் நாளே சொன்னேன்."

அவர் என்னைப் பார்த்துத் தலையாட்டினார். நம்பிவிட்டார். நான் பொய் சொல்வேன் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

"சொல்லியிருப்பீங்க. எனக்குத்தான் மண்டையில ஏறல."

கதவைத் திறந்தவர் திரும்பி நின்றார்.

"இன்னிக்கே அவர்கிட்ட சொல்லிடறேன் சார், நான்தான் பண்ணேன்னு. அஞ்சு வருஷமா டெலிபோன்காரங்களைத் திட்டிக்கிட்டே இருக்காரு. பாவம், அவங்க என்ன பண்ணுவாங்க."

அவர் வீடு போய்ச் சேர நாற்பது நிமிஷம் ஆகும். ஓடிப்போய் வாசலில் பிடித்திருக்கலாம். பேருந்து நிறுத்தத்தில் பிடித்திருக்கலாம். நான் மேஜையில் கிடந்த விடுப்பு விண்ணப்பங்களை எடுத்து ஒவ்வொன்றாகக் கையெழுத்துப் போட ஆரம்பித்தேன்.