முட்டைப் பெட்டிக்குப் போட்ட டேப்

போலியோவில் சூம்பிய வலது காலோடு அக்தர் மாடி மாடியாக ஏறி ஒயர் இழுத்தான். ஒன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனவன், மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டக் கற்றுக்கொண்டான். முடிச்சூர் சாலையில் சொந்தமாகக் கடை போட்டான். கோழிக்குஞ்சு பொரிக்கும் முட்டைப் பெட்டிகளில் சூடு ஏறாமலும் இறங்காமலும் நிற்கச் செய்து, மறைமலை நகர் வரைக்கும் பெயரெடுத்தான். காலைப் பார்த்துவிட்டுப் பெண் வீட்டார் பலர் நழுவிய பிறகு, ஃபஹீமா அவனுக்குச் சம்மதம் சொன்னாள். அக்கா ஷரீஃபா இவற்றில் ஒன்றையும் மறக்கவில்லை.

அவளுக்கு ஒரே ஒரு குறை. தம்பிக்குக் கையெழுத்துப் போட வராது; நிக்காஹ் பதிவேட்டில் அவன் கைநாட்டு வைக்கக் கூடாது. கடையில் ஆளில்லாத நேரமெல்லாம் பெயரெழுதப் பழக்கினாள். எழுத எழுத வரி கீழே சரியும்.

அந்த மழைக்காலத்தில் மேடவாக்கத்திலிருந்து ஷ்யாம்சுந்தர் வந்தார். கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர். அவர் வளர்த்த வெளிநாட்டு மலைப்பாம்பு குளிருக்குச் சுருண்டு, இரை எடுக்காமல் கிடந்தது. அதற்கொரு சூட்டுப்பெட்டி வேண்டும், ஆபீஸ் வேலையாகப் புனே போய்த் திரும்பும்வரை பாம்பும் கடையிலேயே இருக்கட்டும் என்றார்.

“பொண்ணு வூட்ல கேட்டா இன்னாடா சொல்றது? மாப்ள பாம்புக்கு அடுப்பு மூட்டிகினு கீறாருன்னா?”

“இது வாயே தொறக்க மாட்டேங்குதுக்கா. பாத்துக் கத்துக்கோ.”

அக்தர் பெட்டியில் பாதிக்கு மட்டும் சூட்டுத்தகடு வைத்தான். மறுபாதியைக் குளிர்ச்சியாக விட்டான். தகட்டின் மேல் சூட்டை அளக்கும் சென்சாரை டேப்பால் ஒட்டினான். வேண்டிய சூடு வந்ததும் கரண்ட் தானாக நிற்கும். இரண்டாம் வாரம் பாம்பு இரை எடுத்தது. ஷரீஃபாகூட எட்ட நின்று பார்த்தாள்.

ஒரு வியாழக்கிழமை காலை கடையைத் திறந்தால் கருகல் வாடை. பாம்பு தண்ணீர்க் கிண்ணத்தைக் கவிழ்த்திருந்தது. ஈரத்தில் டேப் உரிந்து, சென்சார் குளிர்ந்த பக்கம் விழுந்து கிடந்தது. பெட்டிக்குள் இன்னும் குளிர்தான் என்று கருவி ராத்திரி முழுக்கச் சூடேற்றியிருக்கிறது. பாம்பு தகட்டின் மேலேயே கிடந்தது. அடிவயிறு வெந்திருந்தது.

ஆட்டோ பிடித்துக் கால்நடை டாக்டரிடம் ஓடினார்கள். மருந்து போட்டுப் பார்த்துவிட்டு, மறுநாள் அவர் கையை விரித்தார்.

“சுட்டா நகந்துக்காதாடா அது?” என்றாள் ஷரீஃபா.

“கீழருந்து சுட்டா அதுக்கு வெலகத் தெரியாதாம்க்கா.” அக்தர் பாம்பு கிடந்த பெட்டியை மடியில் வைத்திருந்தான். “முட்டைக்கு டேப்பு போதும். முட்டை நகராது. இதுக்கும் அதே கைப்பழக்கத்துல ஒட்டிட்டேன்.”

அக்தர் போனில் எல்லாவற்றையும் சொன்னான். ஷ்யாம்சுந்தர் பாம்பைப் பற்றி மட்டும் பேசினார். “அவன் கஷ்டப்பட வேண்டாம் அக்தர். ஊசி போட்டுடச் சொல்லுங்க. நீங்களே சைன் பண்ணிடுங்க.”

டாக்டரின் உதவியாள் சிட்டிபாபு, கருணைக்கொலை ஊசிக்கான சம்மதக் காகிதத்தை நீட்டினார். ஷரீஃபா தலைகுனிந்து, “தம்பிக்கு மை டப்பா கீதா சார்?” என்று கேட்டாள்.

“வேணாம்க்கா,” என்றான் அக்தர். “பேனா குடுங்க சார்.”

பெட்டியை அக்காவின் கையில் கொடுத்துவிட்டு, ஒவ்வோர் எழுத்தாக எழுதினான். வரி சரியவில்லை.

அக்தர் முதன்முதலாகக் கையெழுத்திட்ட நாள் 2005 டிசம்பர் 9, வெள்ளிக்கிழமை.