கோழிக்கூண்டில் ஒரு பல்பு

எங்கள் தெருவில் மாமாவுக்குப் பெயர் ‘பியூஸ்’. எலெக்ட்ரீஷியன் என்பதால் மட்டுமல்ல. யாருக்கு என்ன வந்தாலும், வயிற்றுவலி உட்பட, “பியூஸ் போயிருக்கும்” என்பதுதான் அவருடைய முதல் தீர்ப்பு. அடுத்தது, மெயினை அணைக்காமல் எதிலும் கை வைக்கக் கூடாது. இந்த இரண்டை வைத்தே பிழைப்பை ஓட்டிவந்தார்.

வீட்டுக்குப் பின்னால் நான்கு கோழிகள் வளர்த்தார். ஒன்று பழுப்பு முட்டை, ஒன்று வெள்ளை, ஒன்று பாசிப்பச்சை. சாம்பல் நிறக் கோழி இடுவது மட்டும் நீலம். புழுவைக்கூட யாராவது தட்டில் வைத்து நீட்ட வேண்டும் என்பதுபோல நிற்கும். ‘மேடம்’ என்று பட்டம் கொடுத்தது நான்தான்.

அத்தைக்கு பெயிண்ட் கடையில் கலர் கலக்கும் வேலை. நாள் முழுக்க அதையே பார்த்துவிட்டு வருகிறவள், வீட்டிலும் நிற மாதிரிகள் அச்சிட்ட ஷேட் கார்டை விரித்து அன்றைய முட்டையைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பாள்.

“இந்த நீலம் எந்தக் கம்பெனிகிட்டயும் இல்லங்க.”

“கம்பெனி முதலாளியம்மா பின்னாடி மண்ணைக் கிளறிட்டு இருக்கா, போய்க் கேளு,” என்பார் மாமா. அவளைச் சிரிக்க வைத்துவிட்ட மிதப்பில் ஒரு டீ கூடுதலாகக் கேட்பார்.

பகல் குறுகும் மாதங்கள் வந்தன. மேடம் இறகை உதிர்த்துவிட்டு முட்டையிடுவதை நிறுத்தியது. அத்தை ஷேட் கார்டை மடித்து அலமாரியில் வைத்தாள், அவ்வளவுதான். அது போதாதா மாமாவுக்கு? வெளிச்சம் இருந்தால் கோழி முட்டையிடும் என்று யாரோ சொல்ல, கூண்டுக்குள் பல்பு மாட்டி, டைமரும் வைத்துவிட்டார். இருட்டத் தொடங்கியதும் ‘டக்’ என்று எரியும். கண்ணை மூடிய கோழிகள் அதற்குள் விடிந்துவிட்டதா என்று திருதிருவென்று விழிக்கும்.

நீல முட்டை திரும்ப வந்தது. ஷேட் கார்டும் வெளியே வந்தது. மாமா தெருவில் தரையில் கால் படாமல் நடந்தார்.

“ஓடு மெலிசா இருக்குங்க. தொட்டாலே அமுங்குது,” என்றாள் அத்தை ஒருநாள்.

“பாத்துத் தொடு,” என்றார் மாமா.

ஒரு காலையில் மேடம் மூலையில் வாலைத் தொங்கப்போட்டு நின்றது. முக்கியது, முட்டை வரவில்லை. வயிற்றுக்குள்ளேயே சிக்கிக்கொண்டிருந்தது. மாமா அதைத் துண்டில் சுற்றி டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினார். நாயும் பூனையும் காத்திருந்த இடத்தில் எங்கள் மேடம் மட்டும்தான் கோழி.

டாக்டர் வயிற்றைத் தடவிப் பார்த்தார். “கூண்டுல லைட் போட்டிருக்கீங்களா?”

“ஆமா சார், நானே வயரிங் பண்ணேன்.” பெருமையாகத்தான் சொன்னார், பாவம்.

“இறகு உதிர்றப்ப அதுக்கு ஓய்வு வேணும்ங்க. இறகுக்கும் முட்டைக்குமே சத்தெல்லாம் தீந்துபோச்சு, தள்ளறதுக்குத் தெம்பில்ல. ஊசி போடறேன். வெந்நீர்ல உக்கார வைங்க. அதுக்கு மேல என் கையில இல்ல.”

மாமா வேலைக்குப் போகவில்லை. துணி ஊறவைக்கும் பேசினில் வெந்நீர் ஊற்றி மேடத்தை உட்கார வைத்தார். நீர் ஆறியதும் மாற்றினார். கொத்துவதற்குப் பேர்போன கோழி, அன்று அவர் உள்ளங்கையில் தலையைச் சாய்த்துக்கொண்டது. கொத்தித் தொலைத்திருக்கலாம்.

“மேடம், கொஞ்சம் மனசு வைங்க மேடம்,” என்று நான் காமெடி செய்து பார்த்தேன். யாரும் சிரிக்கவில்லை.

“இதுல மெயின் எங்கடா இருக்கு?” என்று கேட்டார் மாமா. நான் அடுத்த சொம்பு வெந்நீரை எடுத்துவந்து வைத்தேன்.

“விடுங்க. அது போயிடுச்சு,” என்றாள் அத்தை. அவர் இன்னும் வெந்நீரை அள்ளி அதன் முதுகில் ஊற்றிக்கொண்டிருந்தார்.

“உனக்காகத்தான் லைட் போட்டேன்.”

“தெரியும்,” என்றாள்.

அன்றே பல்பைக் கழற்றிவிட்டார். டைமரை மட்டும் கழற்றவில்லை. இப்போதும் இருட்டத் தொடங்கினால் அது ‘டக்’ என்கிறது. மற்ற மூன்றும் தூக்கத்திலேயே இருக்கின்றன. மாமாதான் நிமிர்ந்து பார்க்கிறார்.

“அதையும் கழட்டிடுங்களேன்,” என்கிறாள் அத்தை.

“ம், நாளைக்கு,” என்கிறார், தெருவுக்கே வயர் இழுத்த மனுஷன்.