வலது பக்கம் இழுக்கும் விமானம்

மேடத்தின் வலது காலுக்கு ஓய்வு என்பதே கிடையாது. இருபத்திரண்டு வருஷமாகக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறார். கற்றுக்கொள்ள வந்தவர் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு வியர்த்துக் கொட்ட, மேடம் பக்கத்து இருக்கையில் அமைதியாக உட்கார்ந்திருப்பார். அவர் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. வகுப்புக் காரில் மட்டும் வைக்கிற இரண்டாவது பிரேக் அது. எதிரே பேருந்து வந்தாலும், குறுக்கே நாய் வந்தாலும், நாய் வருமோ என்ற சந்தேகம் வந்தாலும் அந்தக் கால் தானாக இறங்கிவிடும். பேருந்தில் டிக்கெட் வாங்கிக்கொண்டு பயணியாகப் போகும்போதும் இறங்கும். சாப்பாட்டு மேசையில் வீட்டுக்காரர் டம்ளரை ஓரமாக வைத்தால்கூட மேசைக்கடியில் ஒரு மிதி விழும்.

மேடம் என்பது அவர் பெயரல்ல. மாணவர்கள் கூப்பிட்டார்கள், பிறகு தெருவே கூப்பிட்டது, கடைசியில் தாலி கட்டியவரும் கோஷ்டியில் சேர்ந்துகொண்டார். வீட்டுக்காரர் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவர். எதையும் தேய்த்துத் தேய்த்து மெல்லிசாக்கிப் பேசுகிற மனிதர். இல்லாவிட்டால் மேடத்தோடு குடும்பம் நடத்த முடியுமா?

நாள் முழுக்க அடுத்தவர் ஓட்டுவதைப் பார்த்துக்கொண்டே கிடப்பவருக்குத் தானே ஓட்ட ஒரு வண்டி வேண்டியிருந்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு மாணவி, லைசென்ஸ் கிடைத்த சந்தோஷத்தில், மேடத்தின் கம்ப்யூட்டரில் திரையில் நிஜம்போலவே விமானம் ஓட்டும் சிமுலேட்டர் ஒன்றைப் போட்டுக்கொடுத்துவிட்டுப் போனாள். அன்றிலிருந்து மேடம் சாயங்காலமானால் ஆகாயத்தில்தான் இருப்பார். துணி அடுக்கும் சின்ன அறையில், இஸ்திரி மேசைக்கும் பழைய பெட்டிகளுக்கும் நடுவில் அவர் உட்காரும் இடம். நிஜ விமானத்தில் ஒரு தடவைகூட ஏறியதில்லை. அதைப் பற்றி யாராவது கேட்டால், ஏறினால் ஓட்டவா விடப்போகிறார்கள் என்று திருப்பிக் கேட்பார்.

சிமுலேட்டரோடு கூடவே வருகிற விமானங்கள் போக, மேற்கொண்டு தனித்தனியாகவும் விற்கிறார்கள். வேண்டியதை வாங்கி உள்ளே சேர்த்துக்கொள்ளலாம். அப்படி முதல் தடவையாக மேடம் ஒன்றை வாங்கினார். ஆசைக்காக மட்டும் வாங்கவில்லை. பாப்பாவுக்காகவும்தான் வாங்கினார்.

பாப்பா என்றால் குழந்தை இல்லை. வீட்டுக்காரரின் தங்கை, வயது நாற்பத்தொன்பது. கடைக்குட்டியாகப் பிறந்துவிட்டதால் நரைத்த பிறகும் பாப்பாதான். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. நாளைக்கு அறுபது பேருடைய கையில் ஊசி குத்துகிறவள், கண்ணை இமைக்க மாட்டாள். அவளுக்கு விமானம் என்றால் மட்டும் பயம். தூரத்து ஊரில் இருக்கும் அவள் மகளுக்கு வெள்ளிக்கிழமை காலையில் ஆபரேஷன் செய்து குழந்தையை எடுப்பதாக டாக்டர் நாள் குறித்துவிட்டார். ரயிலில் இடமே இல்லை. வியாழக்கிழமை காலை விமானத்துக்கு மாப்பிள்ளை டிக்கெட் போட்டு அனுப்பினார். ஏறினால் மகள் கண் விழிக்கும்போது அம்மா பக்கத்தில் இருப்பாள். ஏறாவிட்டால் பேரப்பிள்ளையை போனில் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

டிக்கெட்டோடு மாப்பிள்ளை ஆர்வக்கோளாறில் விமானத்தின் படத்தையும் அனுப்பியதுதான் வினையாகப் போயிற்று. இறக்கைக்கு ஒன்றாக இரண்டு விசிறிகள்.

"ஃபேன் வச்ச பிளேனா? எங்க வீட்டு ஃபேனே ஒரு தடவ கழண்டு விழுந்திருக்கு அண்ணி. நான் ஏற மாட்டேன்" என்று பாப்பா முடிவாகச் சொல்லிவிட்டாள்.

அதே விமானத்தை நானே ஓட்டிக் காட்டுகிறேன், ஒவ்வொரு சத்தமும் எங்கிருந்து வருகிறது என்று புரிந்துவிட்டால் பயம் போய்விடும் என்று மேடம் வாக்குக் கொடுத்தார். பாப்பா சந்தேகமாகப் பார்த்தாள். அவளுக்கும் மேடத்துக்கும் ஒரு பழைய கணக்கு உண்டு. மேடத்திடம் படித்து வண்டி வராமல் போன ஒரே ஆள் பாப்பாதான். பதினோரு வருஷத்துக்கு முன்னால் பதினோரு வகுப்பு எடுத்தும், கியர் போட்டு நாலடி நகர்வதற்குள் கார் குலுங்கி நின்றுவிடும். சிலருக்கு வராது, விட்டுவிடு என்று மேடம் சொன்னார். அது குடும்பத்தில் தீர்ப்பாகவே நிலைத்துவிட்டது. பாப்பாவுக்கு வண்டி வராது, பாப்பாவுக்கு பஸ்தான் சரி. அவளும் நம்பிவிட்டாள்.

சனிக்கிழமை சாயங்காலம் அதே இரண்டு விசிறி வைத்த புது விமானம் கம்ப்யூட்டருக்குள் வந்து இறங்கியது. மேடத்துக்குத் தலைகால் புரியவில்லை. முதலில் வெளியே சுற்றி வந்து பார்த்தார். டயரில் தேய்மானம்கூட வரைந்திருந்தார்கள். உள்ளே வந்தால் கண் கொள்ளாத அளவுக்கு சுவிட்சுகள், அத்தனையும் நிஜமாக வேலை செய்தன. வைப்பரைப் போட்டார், வெயில் மறைப்பை இறக்கினார், விமானியின் பக்கத்து ஜன்னலைத் திறந்தார், காற்றுச் சத்தம் வந்தது. பெல்ட் போடச் சொல்லும் விளக்கின் சுவிட்சைத் தட்டினால் டிங் என்று ஒரு மணி அடித்தது. அதை மட்டும் இருபது தடவையாவது தட்டியிருப்பார். கழிவறைக் கதவு திறக்கிறது என்பதைச் சொல்ல வீட்டுக்காரரைக் குளியலறையிலிருந்து பாதியில் கூப்பிட்டார். அவரும் ஈரத் தலையோடு வந்து பார்த்துவிட்டு, நம் வீட்டுக் கதவைவிட நன்றாகச் சாத்துகிறது என்றார். ஆனால் விமானத்தை அன்று ஓர் அங்குலமும் நகர்த்தவில்லை. முதல் ஓட்டம் பாப்பாவோடுதான் என்று மேடம் வைராக்கியமாக இருந்தார்.

ஞாயிறு காலை வீட்டுக்காரர் ஒரு அட்டைப் பெட்டியோடு வந்தார். யாரோ உபயோகித்துவிட்டு விற்ற கால் பெடல்கள். இத்தனை நாள் மேடம் கையாலேயே எல்லாம் ஓட்டிக்கொண்டிருந்தார். இவ்வளவு பெரிய விமானத்தை வாங்கிவிட்டுக் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டா ஓட்டுவது என்று வீட்டுக்காரருக்குத் தோன்றியிருக்கிறது. மேடத்துக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பெடல்கள் வழுக்காமலிருக்க மேசைக்கடியில் கார் மிதியடியை விரித்து வைத்தார்கள். பெடலின் அடிப்பாகத்தைத் தள்ளினால் விமானம் திரும்பும். மேல் நுனியை அழுத்தினால் அந்தப் பக்கத்துச் சக்கரத்துக்கு பிரேக். மேடம் ஒரே ஒரு தடவை படித்துவிட்டு, தெரியும் தெரியும் என்றார்.

பத்து மணிக்குப் பாப்பா வந்தாள். அவளைப் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்து, இடுப்பில் ஒரு துப்பட்டாவை பெல்ட்டாகக் கட்டிவிட்டார் மேடம். வீட்டுக்காரர் பின்னால் முக்காலியில், எழுபது பேர் ஏறும் விமானத்தின் எழுபதாவது பயணி. டிங் அடித்தது. ஒரு விசிறி மெல்லச் சுற்றி, வேகம் பிடித்து, கண்ணுக்குத் தெரியாமல் போனது. பிறகு அடுத்தது. பாப்பாவின் முகத்தில் கொஞ்சம் தெளிவு வந்தது. ஏன் ஒன்று முதலில் சுற்றுகிறது, அந்த உறுமல் எதற்கு என்று அவளாகவே கேட்க ஆரம்பித்தாள். ஓடுபாதையின் முனையில் நின்று மேடம் இயந்திரங்களை முழு வேகத்துக்குத் தள்ளினார்.

விமானம் கிளம்பியது. நேராகப் போகாமல் கொஞ்சம் கொஞ்சமாக வலது பக்கம் சாய்ந்தது. மேடம் இடது பெடலைத் தள்ளினார். அது இன்னும் பிடிவாதமாக வலது பக்கம் போய், பாதையை விட்டு இறங்கி, புல்லில் ஓடி, ஒரு விளக்குக் கம்பத்தைச் சாய்த்துக்கொண்டு நின்றது. பாப்பா துப்பட்டாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

காற்று என்று மேடம் சொன்னார். மறுபடியும் கிளப்பினார். அதே புல், அதே கம்பம். புது வண்டி, வீல் அலைன்மென்ட் சரியில்லை என்றார். மூன்றாம் தடவை காற்றே இல்லாத வானிலையை வைத்துக்கொண்டு கிளப்பினார். இந்த முறை வலது பக்கத்து டயர் புகைந்து வெடித்தது, கம்பமும் விழுந்தது. விற்றவர்களைச் சும்மா விடப்போவதில்லை என்று மேடம் புகார்க் கடிதம் எழுத உட்கார்ந்தார். வீட்டுக்காரர், விமானத்துக்கு அந்தக் கம்பத்தோடு ஏதோ முன்விரோதம் இருக்கலாம் என்றார். யாரும் சிரிக்கவில்லை.

பாப்பா எழுந்து துப்பட்டாவை அவிழ்த்து மடித்தாள். அவள் குரலில் கோபமில்லை, அதுதான் மேடத்துக்குத் தாங்கவில்லை.

"ஓட்டத் தெரிஞ்ச உங்களுக்கே இப்படின்னா, விடுங்க அண்ணி. நான் போன்லயே பாத்துக்கறேன்."

பயத்தைப் போக்குகிறேன் என்று உட்கார வைத்து, பயத்துக்கு மூன்று சாட்சிகளைக் காட்டியாகிவிட்டது. பாப்பாவின் மகள் ஆஸ்பத்திரியில் தனியாகப் படுத்திருப்பாள், அதற்குக் காரணம் தான்தான் என்று நினைத்த மேடம் கடிதத்தை ஒதுக்கி வைத்தார். இன்னும் ஒரே ஒரு தடவை என்று கெஞ்சினார். மேடம் கெஞ்சி யாரும் பார்த்ததில்லை. பாப்பா உட்காரவில்லை, ஆனால் போகவும் இல்லை. கதவருகே நின்றாள். நின்ற இடத்திலிருந்து திரை தெரியவில்லை. மேசைக்கடிதான் தெரிந்தது.

பாப்பா தன் வேலையில் பார்ப்பதெல்லாம் மனிதர்கள் எங்கே விறைக்கிறார்கள் என்பதைத்தான். ஊசியைப் பார்த்ததும் ஒருவருக்குக் கை இறுகும், ஒருவருக்குக் கால் கட்டைவிரல் மடங்கும். இயந்திரங்கள் உறுமின. விமானம் வேகம் பிடிக்கப் பிடிக்க, மேசைக்கடியில் மேடத்தின் வலது பாதம் மெல்ல, தன்பாட்டுக்கு, பெடலின் மேல் நுனியில் போய் உட்கார்ந்தது.

"அண்ணி, காலை லூசா விடுங்க."

"விட்டுத்தான் வச்சிருக்கேன்."

"இல்ல. வலது காலை எடுங்க."

மேடம் குனிந்து பார்த்தார். தன் காலை வேறு யாருடைய காலோ என்பதுபோலப் பார்த்துவிட்டு எடுத்தார். விமானம் ஒரு உதறு உதறி, நேராகி, சீறிக்கொண்டு ஓடி, கம்பத்தைத் தாண்டி, தரையை விட்டுக் கிளம்பியது. வீடுகள் தீப்பெட்டியாகின. மேடம் இரண்டு காலையும் அந்தரத்தில் தூக்கி வைத்துக்கொண்டு சிரித்தார். வீட்டுக்காரர் முக்காலியிலிருந்து எழுந்து கை தட்டினார், பெல்ட் விளக்கு இன்னும் அணையவில்லை என்று அதட்டி உட்கார வைத்தார் மேடம். பாப்பாவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் திடீரென்று நிறுத்தினாள்.

"அப்ப என் கார் நின்னு நின்னு போனதும் இந்தக் காலாலதானா?"

மேடத்துக்கு அந்தப் பதினோரு வகுப்பும் நினைவுக்கு வந்தன. மற்ற மாணவர்களிடம் அந்தக் கால் ஆபத்து வந்தால்தான் இறங்கும். பக்கத்தில் இருப்பது வீட்டுப் பெண், ஏதாவது ஆகிவிட்டால் என்ன பதில் சொல்வது என்ற பயத்தில், பாப்பா கியரைத் தொட்டதுமே இறங்கியிருக்கிறது. பாப்பாவுக்கு வண்டி வராமலில்லை. வந்த வண்டியை இவர்தான் வரவிடவில்லை. மேடத்துக்கு வெட்கமாகப் போய்விட்டது, அதை மறைக்கவும் முயலவில்லை. ஆமாம் என்றார், என்னால்தான் என்றார், இவ்வளவு வருஷம் உன்னை பஸ்ஸில் அலைய விட்டுவிட்டேன் என்றார்.

பாப்பா கதவருகிலிருந்து வந்து மேடத்தின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"சரி, ஒண்ணு செய்யலாம். நீங்க இப்ப கார்ல பிரேக் இல்லாம என் பக்கத்துல உக்காருங்க. நான் வியாழக்கிழமை பிரேக் இல்லாம அந்த பிளேன்ல உக்கார்றேன்."

பயிற்சி மைதானம் ஞாயிற்றுக்கிழமை காலியாக இருக்கும். சுற்றுச்சுவர், நடுவே வரிசையாக நிறுத்திய பழைய டிரம்கள், அவ்வளவுதான். பாப்பா ஸ்டீயரிங் முன்னால் உட்கார்ந்தாள். மேடம் பக்கத்து இருக்கையில் சம்மணம் போட்டு, செருப்பை மடியில் வைத்துக்கொண்டார். பின்னால் வீட்டுக்காரர், மறுபடியும் எழுபதாவது பயணி. கார் ஒரு தடவை குலுங்கி நின்றது. பாப்பா திரும்பிப் பார்த்தாள். மேடம் இரண்டு பாதங்களையும் கையால் பிடித்துக் காட்டினார். இந்தத் தடவை தப்பு என்னுடையதுதான் என்று ஒப்புக்கொண்டு பாப்பா மறுபடி கிளப்பினாள்.

கார் நகர்ந்தது. நாலடி, நாற்பதடி, முதல் டிரம்மைச் சுற்றி, கடைசி டிரம்மைச் சுற்றி, மறுபடியும். பாப்பாவின் மூக்கு நுனி சிவந்திருந்தது. ஒவ்வொரு திருப்பத்திலும் மேடத்தின் வலது கால் துடித்தது, ஆனால் தொடைக்கடியில் மாட்டிக்கொண்டு மரத்துப்போயிருந்ததால் ஒன்றும் செய்ய முடியவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருவர் ஓட்ட இவர் வெறுமனே வேடிக்கை பார்த்தார். மைதானத்துச் சுவருக்கு மேலே இவ்வளவு வானம் இருப்பது இத்தனை வருஷமாகத் தெரியவில்லையே என்று நினைத்துக்கொண்டார்.

ஐந்தாவது சுற்றில் பாப்பா மெதுவாகக் கேட்டாள், இதை எப்படி நிறுத்துவது என்று. பதினோரு வகுப்பிலும் பிரேக்கைத் தொட அவளுக்கு வாய்ப்பே வரவில்லையாம். மேடத்துக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது, நடு பெடல் என்று சொல்லி முடிப்பதற்குள் இன்னும் இரண்டு சுற்று ஆகிவிட்டது. நின்றபோது டிரம்முக்கு ஒரு சாண் இடைவெளி இருந்தது.

வியாழக்கிழமை காலை பாப்பா விமானத்தில் ஏறினாள். ஏறிய நேரம் பார்த்து மேடமும் அதே விமானத்தை, அதே ஊரிலிருந்து அதே ஊருக்குக் கிளப்பினார், நாற்காலியில் சம்மணம் போட்டுக்கொண்டு. கம்பம் நின்ற இடத்திலேயே நின்றது. பாப்பா இறங்கிய சேதி வரும்வரை தானும் இறங்குவதில்லை என்று மேலேயே வட்டமடித்தார், போன் வந்தபோது கீழே வெள்ளை வெளேரென்று மேகம் ஓடிக்கொண்டிருந்தது.

"இறங்கிட்டேன் அண்ணி. வலது பக்கம் இழுக்கவே இல்ல. நேரா ஆஸ்பத்திரிக்குத்தான் போறேன். நீங்க எங்க இருக்கீங்க?"

"நான் இன்னும் மேலதான் இருக்கேன்" என்றார் மேடம்.