சுமைதாங்கியில் இறக்கிய பை

காலை ஆறு இருபது. முதலில் கண்ணில் பட்டது, சுமைதாங்கியின் மேல்பலகை நனைந்திருந்ததுதான். மார்ச் மாதம், மழை இல்லை, பனியும் விட்டு இரண்டு வாரம் ஆகியிருந்தது. யாரோ குடத்தை வைத்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

அரியலூரில் இருபத்தாறு ஆண்டுகள் பத்திரிகை நிருபராக இருந்தவள் நான். செந்துறைப் பக்கம் ஒரு வீட்டுக் கூரையில் கல் விழுகிறது, பேய்தான் என்று ஊரே சொன்னபோது, இரண்டு நாள் அங்கேயே கிடந்து, எறிந்தது பங்காளி என்று எழுதினேன். இப்போது சொல்வதை வேறு யாராவது சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன். நீங்களும் நம்ப வேண்டாம், எண்களை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

என் மகள் கயல் கனடாவில் இருக்கிறாள். போன ஆண்டு, கர்ப்பத்தின் ஒன்பதாம் மாதத்தில், குழந்தை வயிற்றிலேயே இறந்துவிட்டது. எனக்கு விசா கிடைக்கவில்லை, போக முடியவில்லை. அதன்பிறகு அவள் அதைப் பற்றிப் பேசியதே இல்லை. இந்தப் பொங்கலுக்குப் போன் செய்தவள், "அம்மா, சில்கூட்னு ஒரு மலைப்பாதை. அஞ்சு நாள் நடக்கணும். ஜூலைக்கு ரெண்டு பேருக்கு அனுமதி வாங்கிட்டேன். நீ வரலைன்னா நான் மட்டும் போறேன்" என்றாள். நூற்று இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பு தங்கம் தேடிப் போனவர்கள் ஓராண்டுச் சாப்பாட்டையும் முதுகில் சுமந்து ஏறிய பாதை அது. கடைசி வாக்கியத்தை அவள் சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை. அவளைத் தனியாக அனுப்பக்கூடாது என்று மட்டும் தெரிந்தது.

இந்த முறை விசா கிடைத்தது. ஐம்பத்தேழு வயது முழங்கால்தான் பாக்கி. கலியபெருமாளின் மக்காச்சோளக் கடையில் ஆறு பொட்டலம் சோளம் வாங்கிப் பையில் அடைத்து, அவருடைய எலக்ட்ரானிக் தராசில் பையோடு சேர்த்துப் பதினைந்து கிலோ நிறுத்துக்கொண்டு, தினமும் வேப்பந்தட்டையிலிருந்து பச்சைமலை அடிவாரம் பார்த்து நடந்தேன். ஆறு வாரம் ஆகியும் சுமை பழகவில்லை. திரும்பும்போது ஏரிக்கரைச் சுமைதாங்கியில் பையை இறக்கிவிட்டு உட்கார்ந்தால் எழுந்திருக்கவே மனம் வராது.

கர்ப்பத்தோடு இறந்த பெண்ணின் பெயரில் நடுகிற கல் அது. அவளால் இறக்கிவைக்க முடியாமல் போன சுமைக்குப் பதிலாக, வழியில் போகிறவர்கள் தங்கள் சுமையை இறக்கட்டும் என்று வைப்பார்கள். தூக்கிவிட ஆள் இல்லாதவர்களுக்காகத்தான் அதைத் தோள் உயரத்தில் வைக்கிறார்கள்.

மேல்பலகை நனைந்திருந்த அன்று, ஆடு ஓட்டிக்கொண்டு வந்த ராசாத்தி நின்றாள்.

"தெனம் மூட்டயத் தூக்கிக்கிட்டு எங்கக்கா போறீங்க, வூட்டுல சண்டையா?"

"கனடாவுல மலை ஏறப் போறேன் ராசாத்தி. தங்கம் தேடிப் போன வழியாம்."

"இப்பவும் தங்கம் கெடக்குதா?"

"இல்ல."

"அப்பறம் என்னத்துக்கு? இங்க இல்லாத மலையா?" சிரித்துவிட்டு நடந்தவள், திரும்பி, "புள்ளத்தாச்சி கல்லுக்கா அது. ரொம்ப நேரம் ஒக்காராதீங்க" என்றாள்.

பத்து நிமிடம் இருந்தேன். பிறகு கல்லுக்கு முதுகைக் காட்டி நின்று, பையின் பட்டைகளில் கைகளை நுழைத்து, நிமிர்ந்தேன். அப்போது யாரோ பையைத் தூக்கிவிட்டார்கள். நம் பக்கத்தில் எப்படித் தூக்கிவிடுவார்கள் என்று உங்களுக்குத் தெரியும். ஒரு கை அடியில், ஒரு கை பக்கவாட்டில், சுமை சரியாக உட்கார்ந்ததும் லேசாக ஒரு தட்டு. அந்தத் தட்டு வரைக்கும் இருந்தது. "போதும் ராசாத்தி" என்று சொல்லிவிட்டு நான்கு எட்டு வைத்தேன். அப்போதுதான் பார்த்தேன், ராசாத்தி எனக்கு முன்னால், ஏரிக்கரையின் அந்தக் கோடியில் போய்க்கொண்டிருந்தாள். திரும்பினேன். கல் மட்டும் இருந்தது. மேல்பலகை காய்ந்திருந்தது.

வழக்கம்போல் கடைக்கு வந்து பையைத் தராசில் வைத்தேன். பதினேழு கிலோ எண்ணூற்று நாற்பது.

"வழியில கல்லு பொறுக்குனீங்களா?" என்றார் கலியபெருமாள்.

எல்லாவற்றையும் வெளியே எடுத்தோம். அதே ஆறு பொட்டலம், வேறொன்றும் இல்லை. திரும்ப அடைத்து வைத்தோம், அதே எண். அவர் இருபது கிலோ படிக்கல்லை வைத்துப் பார்த்தார். தராசு இருபது என்றே காட்டியது. "மிஷின்ல தப்பு இல்லக்கா" என்றார். அதற்குப்பின் அவர் சிரிக்கவில்லை.

அன்று கயலிடம் பேசும்போது, களைப்பில், தராசு விஷயத்தை மட்டும் சொன்னேன். கைகளைப் பற்றிச் சொல்லவில்லை, கல்லைப் பற்றியும் சொல்லவில்லை.

"எவ்வளவு கூட காட்டுச்சு?"

"ரெண்டு கிலோ எண்ணூத்தி நாப்பது."

அந்த எண்ணை அவள் ஒருமுறை திருப்பிச் சொன்னாள்.

"அம்மா," என்றாள். "பாப்பா எவ்வளவு எடை இருந்துச்சுன்னு நான் ஒங்கிட்ட சொன்னதே இல்லையே."

"இல்ல."

"அந்தப் பையையே கொண்டு வாம்மா."

இப்போது ஜூன் கடைசி, அடுத்த வாரம் விமானம். சோளத்தை எல்லாம் எடுத்துக் கடையிலேயே கொடுத்துவிட்டேன். பையின் உள்ளே தைத்த துணிச்சீட்டில் அதன் எடை ஒரு கிலோ அறுநூறு என்று அச்சடித்திருக்கிறது. இன்று காலை காலிப் பையைத் தராசில் வைத்தேன். நான்கு கிலோ நானூற்று நாற்பது.