பெட்ரோலில் நனைந்த மதியம்

கப்பலில் எல்லாரும் அவரைப் பயந்தாங்கொள்ளி என்றுதான் கூப்பிடுவார்கள், முகத்துக்கு நேராகவே. அவரும் திரும்பிப் பார்ப்பார்.

துறைமுகத்துக்குள் நுழைய முடியாத அளவு பெரிய கப்பல் அது. நடுக்கடலில் நிற்கும், சின்னக் கப்பல் ஒன்று வந்து பக்கத்தில் ஒட்டிக்கொள்ளும். இரண்டையும் வடங்களால் இழுத்துக் கட்டி, தொடை தடிமனுக்கு ஒரு ரப்பர் குழாய் மாட்டி, இதன் வயிற்றிலிருந்து அதன் வயிற்றுக்குப் பெட்ரோல் இறைப்பார்கள். குழாய் தொடங்கும் இடத்தில், பம்பை நிறுத்தும் சிவப்புப் பொத்தான் பக்கத்தில், அவருக்குக் காவல். நிற்கும்போதெல்லாம் பயம்தான். மறைக்கவும் மாட்டார்.

மனைவியின் தம்பிக்கு அங்கேயே வேலை வாங்கிக் கொடுத்த பிறகு பயம் இரட்டிப்பானது.

"அவன் ஒரு அவசரக்குடுக்கை. உங்களை நம்பித்தான் அனுப்புறேன்" என்றாள் மனைவி.

"என்னை நம்பி நானே போறதில்லையே" என்றார். அவள் சிரிக்கவில்லை.

அன்றைக்கு நல்ல வெயில். கொடி அசையக்கூடக் காற்றில்லை. ஆனால் எங்கேயோ அடித்த புயலின் அலை அடியில் உருண்டு வந்து இரண்டு கப்பல்களையும் தூக்கித் தூக்கிப் போட்டது. முன்பக்க வடம் ஒன்று இறுகி முனக ஆரம்பித்தது. அதன் அருகே மச்சினன் இடுப்பில் கைவைத்து நின்றிருந்தான். அறுந்தால் அந்த வடம் சவுக்காகத் திரும்பி ஆளை இரண்டு துண்டாக்கிவிடும். பம்பு இரைச்சலில் எவ்வளவு கத்தியும் அவனுக்குக் கேட்கவில்லை.

வாக்கிடாக்கியில் மேலதிகாரியைக் கூப்பிட்டார். "சார், வடம் தாங்காது. நிறுத்திடலாம்."

"உனக்கு எப்பவும் இதே பாட்டுதான். கொஞ்சம்தான் பாக்கி, பொறு."

அவர் பொறுக்கவில்லை. பொத்தானை அமுக்கிவிட்டார். பம்பு அடங்கியது. அந்த அமைதியில், "குனிஞ்சு இந்தப் பக்கம் ஓடி வாடா" என்ற அவர் குரல் மச்சினனுக்குக் கேட்டது. அவன் ஓடி வந்தான்.

"யாரைக் கேட்டு நிறுத்தின?" என்று அதிகாரி கேட்டு முடிப்பதற்குள் வடம் அறுந்தது. மச்சினன் நின்றிருந்த இடத்துக் கம்பியழி பிய்ந்து கடலில் விழுந்தது. சின்னக் கப்பலின் முனை விலகியதில் குழாய் விண்ணென்று இழுபட்டு மூட்டு பிளந்தது. உள்ளே மிச்சமிருந்த பெட்ரோல் ஓடிவந்த மச்சினன் தலையிலேயே கொட்டியது.

பிறகு யாரும் அசையவில்லை. காற்றில்லாததால் பெட்ரோல் ஆவி தளத்தின் மேலேயே கனத்து நின்றது. கண்ணுக்குத் தெரியாத ஒரு பொறி போதும்; இரண்டு கப்பலும் மிஞ்சாது, ஆட்களும் மிஞ்ச மாட்டார்கள்.

"கண்ணு எரியுது மாமா. ஒண்ணும் தெரியல." அவன் விரல்கள் சட்டைப் பொத்தானைத் தேடின.

"கழட்டாத. துணி உரசினாலே பொறி வரும். அப்படியே நில்லு."

தயாராகக் கிடந்த தீயணைப்புக் குழாயை எடுக்க அவர்தான் போனார். ஒவ்வோர் அடியையும் பூப்போல வைத்தார். அதன் வால்வை மெதுவாகத் திறந்து, அவனைத் தலையிலிருந்து கால்வரை கடல்நீரால் நனைத்தார். நனைத்துக்கொண்டே இருந்தார். நாற்றம் குறையும்வரை தளத்தையும் கழுவினார்.

மச்சினன் பெட்ரோலில் ஊறிய முதுகுத் தோல் உரிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தான். பார்வை மெல்ல மெல்லத் திரும்பியது. அப்புறம் அவன் கப்பல் பக்கமே போகவில்லை. பஸ் ஓட்டப் போய்விட்டான்.

"நீங்களும் விட்டுடுங்க" என்றாள் மனைவி, தம்பியின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து.

"வேற என்ன தெரியும் எனக்கு?"

அடுத்த முறை கப்பலேறியபோது மிதவைச் சட்டையின் வாரைக் கட்ட அவர் விரல்கள் ஒத்துழைக்கவில்லை. பக்கத்தில் நின்றவனைக் கட்டிவிடச் சொல்லிவிட்டு, தன் இடத்தில் போய் நின்றார்.