இரண்டாம் பாய் இழுக்க மறுத்தது

பாசிர் கூடாங் துறைமுகத்திலிருந்து கிளம்பும்போதே எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. பழைய சரக்குக் கப்பல் ஒன்றில் புதிதாக இரண்டு பாய்களைப் பொருத்தியிருந்தோம். துணிப்பாய்கள் அல்ல, விமான இறக்கையை நிமிர்த்தி நட்டதுபோல் உயரமானவை. வேண்டும்போது எழுப்பலாம், திருப்பலாம், மடக்கித் தளத்தில் படுக்கவைக்கலாம். காற்று கொஞ்சம் இழுத்தால் இயந்திரம் அந்த அளவுக்கு எண்ணெயை மிச்சப்படுத்தும். அவை எவ்வளவு இழுக்கின்றன என்று அளப்பதே என் வேலை. கப்பலில் நான் ஒருத்திதான் பெண்.

மெர்சிங் கரைக்கு அப்பால் கடல் எண்ணெய் ஊற்றியதுபோல் கிடந்தது. காற்றே இல்லை. எல்லோருக்கும் வேலை இருந்தது, எனக்கு மட்டும் இல்லை. தளத்தின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தேன். கணவர் தாம் வேலைபார்க்கும் தொழிற்சாலையிலிருந்து போனில் கூப்பிடும்போதெல்லாம் ஒரே கேள்வி.

“காத்து வந்துச்சா?”

“வரல. அதையே கேட்காதீங்க.”

கேப்டன் சிலோன் தமிழ்க் குடும்பத்தைச் சேர்ந்தவர், ஜொகூர் பாருக்காரர். இரண்டாம் நாள் மதியம் என்னைக் கூப்பிட்டார். “காத்துக்காக நான் நிக்க முடியாதும்மா. நாளைக்குக் காலையில திரும்பியாகணும்.”

அன்று சாயங்காலம் தென்கிழக்கிலிருந்து காற்று எழுந்தது. ஓடிப்போய்ப் பாய்களை எழுப்பச் சொன்னேன். கணினி இரண்டையும் ஒரே கோணத்தில் திருப்பி நிறுத்தியது. முன்பாய் முனகியது. பின்பாயின் அடியில் இழுவையைக் காட்டும் அளவுமானியோ அசையவே இல்லை. அத்தனை பெரிய பாய் சும்மா நின்றுகொண்டிருந்தது.

தொலைநோக்கியை எடுத்துக்கொண்டு வெளியே போனேன். பாய்களின் மேல் சின்னச் சின்ன நாடாக்களை ஒட்டியிருந்தோம். காற்று ஒட்டி ஓடினால் அவை படிந்து பின்னால் நீளும். முன்பாயின் முதுகுப்பக்க நாடாக்கள் தாறுமாறாகத் துடித்தன. காற்று அங்கே பாயை விட்டுப் பிரிந்திருந்தது. பின்பாயில் நாடாக்கள் அமைதியாகப் படிந்திருந்தன. அப்போதுதான் உறைத்தது. முன்பாய் காற்றை வளைத்து அனுப்புகிறது. பின்பாய்க்குப் போய்ச் சேருவது அதே காற்று இல்லை, அது கப்பலின் முன்பக்கத்துக்கு நெருங்கிய திசையிலிருந்து வருகிறது. அதனால் பின்பாயைத் தள்ளாமல் இருபுறமும் வழுக்கிக்கொண்டு போய்விடுகிறது. இரண்டுக்கும் ஒரே கோணம் எப்படிச் சரிப்படும்?

“கேப்டன், முன்பாயைக் கொஞ்சம் வெளியே விடணும். பின்பாயை உள்ளே இழுக்கணும். ஒரே ஒரு தடவை பார்த்துடலாம்.”

“அலமாக், அங்க பாரும்மா, வானம் கறுத்துக்கிட்டு வருது. மடக்கச் சொல்லப் போறேன்.”

“இப்ப மடக்கிட்டா, திரும்புறதுக்குள்ள இந்த மாதிரி காத்து மறுபடி கிடைக்காது, கேப்டன்.”

அவர் வானத்தையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார். “சீக்கிரம்லா.”

கோணங்களை நானே கையால் மாற்றினேன். முன்பாயின் நாடாக்கள் அடங்கின. பின்பாயின் அளவுமானி மெல்ல ஏறத் தொடங்கியது. வேகம் குறையாமலே இயந்திரத்தின் சத்தம் தணிந்தது. கேப்டன் தலையைச் சாய்த்து அதைக் காதுகொடுத்துக் கேட்டார். “ஓ, இழுக்குது,” என்றார்.

அளவுகளைப் பதிவு செய்து முடிப்பதற்குள் மழைக்காற்று அறைந்தது. கேப்டன் மடக்கச் சொன்னதும் முன்பாய் மடங்கிவிட்டது. பின்பாய் பாதியில் சிக்கிக்கொண்டது. கப்பல் ஒருபக்கமாகச் சாய்ந்தது. மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரே ஒரு தடவை என்று கேட்டது நான்தான் என்பது தவிர வேறெதுவும் நினைவில் வரவில்லை. கேப்டன் சத்தம் போடவில்லை. கப்பலின் முகத்தைக் காற்றுக்கு நேராகத் திருப்பச் சொன்னார். பாயின் மேல் இருந்த பாரம் குறைந்ததும் அது முனகிக்கொண்டே கீழே இறங்கிப் படுத்தது.

“இனிமே நான் மடக்குன்னா மடக்கணும்,” என்றார்.

“சரி, கேப்டன்.”

கரை திரும்பிக் கணக்குப் பார்த்ததில், கிடைத்த எண்ணெய் மிச்சம் அலுவலகம் எதிர்பார்த்ததைவிடக் குறைவு. அளந்ததை அப்படியே சொன்னேன். மேலாளர் முகம் சுளித்தார். “இவ்வளவுதானா?” என்றார். ஆனாலும் பின்பாய்க்குத் தனிக் கோணம் கொடுக்கும்படி கணினியை மாற்ற ஒப்புக்கொண்டார். பருவக்காற்றுக் காலத்தில் மறுபடியும் கடலுக்குப் போக ஆள் வேண்டும் என்றார். நானே வருகிறேன் என்று வீட்டில் கேட்காமலே சொல்லிவிட்டேன்.

பண்டார் தெங்காராவில் இருக்கும் அம்மா வீட்டுக்குக் காரில் போகும்போது கணவரிடம் சொன்னேன். “என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல,” என்றார். கேட்டிருக்கலாம்தான். சாலையின் இருபுறமும் செம்பனை ஓலைகள் காற்றில் ஒரே பக்கமாகச் சாய்ந்துகொண்டிருந்தன. நான் கண்ணாடியை இறக்கிவிட்டுக் கையை வெளியே நீட்டினேன்.