கடிதத்தில் இல்லாத கேள்வி

எண்பதுகளில், கோலாலம்பூரில் ஒரு போதனா மருத்துவமனைக்கு நான்தான் ஒரே உளவியலாளர். வார்டுகளிலிருந்து எனக்கு வரும் கடிதங்களில் ‘நோயாளியைத் தயவுசெய்து பார்க்கவும்’ என்று மட்டும் இருக்கும். பார்த்து என்ன சொல்வது? ஒருநாள் எரிச்சல் தாங்காமல், அப்படியொரு கடிதத்தோடு நான்கு மாடி ஏறி, அதை எழுதிய அறுவை மருத்துவர் முன் போய் நின்றேன்.

“இவங்களப் பத்தி உங்களுக்கு என்ன தெரியணும், டாக்டர்?”

அவரைச் சுற்றி மாணவர்கள் நின்றிருந்தார்கள். அவர் யோசித்தார்.

“நாளைக்கு இவங்களோட ஒரு கால எடுத்தாகணும். மூணு தடவ சொல்லிட்டேன், தலையாட்டுறாங்க. புரிஞ்சுதான் ஆட்டுறாங்களா?”

அப்பாடா, ஒரு கேள்வி! வேலை கிடைத்த நாளில்கூட நான் அவ்வளவு குதிக்கவில்லை. கிள்ளானிலிருந்து வந்திருந்த அந்த அக்காவின் கட்டிலருகே உட்கார்ந்து, நாளைக்கு என்ன செய்யப் போகிறார்கள் என்று கேட்டேன்.

“புண்ணக் கழுவி மருந்து போடுவாங்க லா. டாக்டரு நின்னுக்கிட்டே வேகமா பேசுறாரு. தலையாட்டாம எப்படி?”

வார்டின் மறுகோடியிலிருந்த டாக்டரிடம் ஏறக்குறைய ஓடினேன். “புரியல, டாக்டர்!”

உடனே வந்தார். நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, நிதானமாகச் சொன்னார். இந்த முறை அக்கா தலையாட்டவில்லை.

“என் கால எடுக்கணுமா? ஏன், டாக்டர்?” என்று கேட்டார்.